மின்செலவும் மனப்பழக்கமும்

திருவில்லிபுத்தூரில் பால்கோவாக் கிண்டுவோரின் அடுப்படியை நோக்கினோர் ஓர் உண்மையை உணர்வர். பால் கொதிக்கும்வரை எரி மிகுந்திருத்தல் வேண்டும். பால் சுண்டி இறுகத் தொடங்கியதும் எரியைத் தணித்தல் வேண்டும். தணிக்க மறந்தால் கோவா அடிப்பிடிக்கும், விறகும் வீணாகும். ஆதலின் கிண்டுவோர் கண் சட்டியிலும் கருத்து அடுப்பிலுமாக நிற்பர். நெருப்பு அவர் கண்ணெதிரே எரிகின்றது. விறகுக் கட்டு கண்ணெதிரே குறைகின்றது. சிக்கனத்தை அவர்க்குக் கற்பிக்க வேறோர் ஆசிரியர் வேண்டுவதில்லை.

மின்னாற்றலோ அத்தகையதன்று. அது புகை எழுப்புவதில்லை, சாம்பலும் விடுவதில்லை. வாயிற் சுவரிலுள்ள மீட்டரில் எண் கூடுவதை வீட்டார் நோக்குவதுமில்லை. பன்னாள் கழித்துக் கணக்கெடுப்பாளர் வந்து குறித்துச் சென்ற பின்னரே செலவு தெரிகின்றது. அதற்குள் எப்பிழையால் தொகை மிகுந்தது என்பதை யாவரும் மறந்துவிடுகின்றனர். மின்செலவு மிகுவதற்குக் கருவிகளைக் குறைகூறுவது உலக வழக்கு. ஆராய்ந்து நோக்கின், கருவியினும் அதனைக் கையாளும் பழக்கமே பெருங்காரணம் எனலாம்.

அமெரிக்க நாட்டின் நியூ செர்சி மாநிலத்தில், ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில், 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அறிஞர் ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். ஒரே அமைப்பிற் கட்டப்பெற்ற வீடுகளுள்ளும், ஒன்றன் எரிபொருட் செலவு மற்றொன்றினும் இருமடங்காக இருத்தலைக் கண்டனர். குடியிருப்போர் மாறியவிடத்துச் செலவும் மாறிற்று. சுவரும் கூரையும் ஒன்றே. வாழ்ந்த மாந்தரே வேறு.

இவ்வுண்மையைச் சிறு கணக்கொன்று விளக்கும். 75 வாட் ஆற்றலுடைய மின்விசிறி, ஆளில்லாத அறையில் நாள்தோறும் 4 மணி நேரம் சுழல்வதாகக் கொள்வோம். 60 நாளில் அது 18 யூனிட் மின்சாரத்தை விழுங்கும். அதனால் ஒருவர்க்கும் வியர்வை ஆறவில்லை.

நல்ல கருவிகள் வந்தால் இக்குறை தீராதோ எனச் சிலர் வினவலாம். 60 வாட் குண்டு விளக்குத் தரும் ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கே தருகின்றது. இது பெரும்பேறே. ஆயின், ‘செலவு சிறிதுதானே’ என எண்ணி எல்லா அறைகளிலும் விளக்கை எரியவிட்டால் ஈட்டிய பயன் தேய்ந்துபோம். சிக்கனமான பொறிகள் வந்தபின் நிலக்கரிச் செலவு குறையாது பெருகுவதை ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1865ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார்.

எனினும், மின்செலவு மிக்க வீடெல்லாம் வீண்செலவு செய்யும் வீடு எனக் கொள்ளுதல் பிழை. இராசபாளையம் நூற்பாலைகள் மிக்க ஊர். அங்கே இரவு முழுதும் ஆலையில் உழைத்த தொழிலாளி பகலில் கண்ணயர்கின்றார். அவர் தலைமேற் சுழலும் விசிறியை வீண் என்பார் உளரோ? முதியோர்க்கு வேண்டும் காற்றும், பயிலும் மாணவர்க்கு வேண்டும் ஒளியும் அத்தகையனவே. தேவை வேறு, மறதி வேறு. தேவையைச் சுருக்குவது சிக்கனமன்று. மறதியைச் சுருக்குவதே சிக்கனம்.

2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஊர்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. ஆலைப் பொறிகள் ஓய்ந்தன. மாணவர் இருளில் இடர்ப்பட்டனர். அப்பற்றாக்குறை வீட்டாரின் மறதியால் மட்டும் விளைந்ததன்று. ஆயினும், ஒருவர் வீணாக்கும் மின்சாரம் மற்றொருவர்க்கு உதவக்கூடியது என்னும் பாடத்தை அந்நாட்கள் கற்பித்தன.

பழக்கத்தை மாற்றும் வழி யாது? மறைந்திருப்பதைப் புலப்படச் செய்தலே முதல் வழி. மாணவர் ஒருவர் ஞாயிறுதோறும் மீட்டரின் எண்ணை ஏட்டிற் குறித்து, வீட்டார்க்குப் படித்துக் காட்டுவாராயின், செலவு அனைவர்க்கும் கண்கூடாகும். ஒரு வாரம் எண் மிகுந்தால் காரணம் என்ன என்னும் வினா தானே எழும். வினா எழுந்த இல்லத்தில் மறதி நெடுநாள் தங்காது.

கோவாக் கிண்டுவோர் அடுப்பின்மேல் வைக்கும் கருத்தை, ஒவ்வொருவரும் தம் இல்லத்து மின்பொத்தானின்மேல் வைத்தல் வேண்டும். அறையை விட்டு நீங்குங்கால் பொத்தானை நோக்கி நீளும் கையே வீட்டுக்கும் நாட்டுக்கும் நலம் செய்யும் கை.