அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. ஓட்டல் பில்லில் ஒரு இட்லியைக் குறைத்துப் போட்டிருந்தால் சந்தோஷப்படாமல் சர்வரைக் கூப்பிடுவோம். கூட வந்த நண்பன் மேஜைக்கடியில் காலை மிதிப்பான்.

இந்த வியாதியை எனக்கு ஒட்ட வைத்தவர் எங்கள் அக்கவுண்டன்ஸி புரொபஸர். நெற்றி நிறைய விபூதி, பாக்கெட்டில் சிவப்புப் பேனா. போர்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் பற்று, வரவு என்று கோடு கிழிப்பார். எங்களுக்கோ அப்போதுதான் பகுத்தறிவு முளைத்திருந்த வயசு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்:

"சார், கூட்டல் தப்பாயிட்டா பிள்ளையார் வந்து திருத்துவாரா?"

கிளாஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"கூட்டலை நீதான்டா திருத்தணும். தெரிஞ்சே தப்பா எழுதறப்ப கை கொஞ்சம் கூசணும் பாரு, அதுக்குத்தான் இது."

அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். வெனிஸ் வியாபாரிகளின் இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494-ல் புத்தகம் அச்சிட்ட லூக்கா பச்சியோலி வியாபாரி அல்ல, பிரான்சிஸ்கன் துறவி! கடவுள் பெயரைச் சொல்லிக் கணக்கைத் தொடங்கு, முதல் புத்தகத்தில் சிலுவை போடு என்று அதில் எழுதியிருக்கிறார்.

"அவருக்குச் சிலுவை, எனக்குச் சுழி. உனக்கு ரெண்டும் வேண்டாமா? மனசாட்சின்னு எழுதிக்கோ. எதையாவது எழுதிட்டு ஆரம்பி."

மாதத் தேர்வில் என் டிரையல் பேலன்ஸ் 270 ரூபாய் உதைத்தது. சில்லறைச் செலவில் நைஸாக 270-ஐ ஏற்றி டேலி பண்ணிவிட்டேன். பக்கத்துப் பையனுக்கும் உதைத்தது. அவன் அசடு மாதிரி வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு, 'பிழை தெரியவில்லை' என்று எழுதி வைத்தான்.

அவனுக்குப் பத்துக்கு ஏழு. எனக்கு முட்டை!

"சார், டேலி ஆயிடுச்சே..?"

"அதான்டா பயமாயிருக்கு. உதைக்கிற கணக்குல தப்பை என்னிக்காவது பிடிச்சுடலாம். பொய்யா டேலி ஆனதை யாரு தேடுவா?"

சில வருஷம் கழித்து ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் ஆனேன். மார்ச் கடைசி. முதலாளி கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"தம்பி, குளோஸிங் ஸ்டாக்கை ஒரு பன்னிரண்டு லட்சம் ஏத்திக் காட்டிடுங்க. பேங்க் லோனுக்காகத்தான்."

ஒரே ஒரு எண்தான். லாபத்திலும் ஏறும், பேலன்ஸ் ஷீட்டில் சொத்திலும் ஏறும். இரண்டு பக்கமும் கச்சிதமாக டேலி ஆகும்! வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாசம். இரண்டு நாள் தூக்கமில்லை. கண்ணை மூடினால் சாமி எதுவும் தெரியவில்லை. சிவப்பு மசியில் அந்த முட்டைதான் தெரிந்தது.

முடியாது என்றேன். அடுத்த மாசம் வேலை போயிற்று. இன்று நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்ததற்கு அந்தப் புரொபஸர்தான் காரணம். புகார்களை அவருக்கே அனுப்பலாம்!

இப்போதும் நான் அதிகம் கோயிலுக்குப் போகிறவனில்லை. ஆனால் இந்தக் கட்டுரை எழுதிய தாளின் உச்சியில் ஒரு சுழி இருக்கிறது. அச்சில் வராது.

ரிட்டயரான அவரைப் போன மாசம் போய்ப் பார்த்து, எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். 'சபாஷ்' வரும் என்று காத்திருந்தேன்.

"வீட்ல கஷ்டப்பட்டாங்களாடா?" என்றார்.

"அவளோட ரெண்டு வளையல் போச்சு சார்."

"அதை எந்தக் கணக்குல எழுதியிருக்கே?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"இப்போதைக்கு அனாமத்துல வை. ஆனா அப்படியே விட்டுடாதே, சீக்கிரம் நேர் பண்ணிடு" என்றார்.