போர் விமானம் வாங்குகிறோம் சரி... அவை ஒன்றோடொன்று பேசுமா?

போர் விமான ஒப்பந்தம் கையெழுத்தானால் தலைப்புச் செய்தி எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை விமானம், எத்தனை கோடி, என்ன வேகம், என்ன ஏவுகணை. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டபோதும் இதுதான் நடந்தது. ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் விமானங்களோடு இது பேசுமா?

டேட்டா லிங்க் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், போர் விமானங்களுக்கான லைவ் லொகேஷன். நான்கு நண்பர்கள் நான்கு வண்டியில் கிளம்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "எங்கடா இருக்க?" என்று கேட்கலாம். அல்லது வாட்ஸ்அப் குரூப்பில் லைவ் லொகேஷனைப் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம்.

விமானிகளின் பழைய வழி, ரேடியோவில் பேசுவது. எதிரி எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு உயரத்தில் என்று வாயால் சொல்லி, காதால் கேட்டு, மனதுக்குள் படம் போட்டுக்கொள்ள வேண்டும். எதிரி ஜாம் செய்தால் அந்தக் குரலும் கேட்காது. டேட்டா லிங்க் இருந்தால், ஒரு விமானத்தின் ரேடார் பார்ப்பதை மற்ற விமானங்களும் தரைக் கட்டுப்பாட்டு மையமும் தங்கள் திரையிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. ரேடாரை ஆன் செய்தாலே நாம் இருக்கும் இடத்தை எதிரி கண்டுபிடித்துவிட வாய்ப்பு அதிகம். லிங்க் இருந்தால் பின்னால் இருக்கும் ஒரு விமானம் மட்டும் ரேடாரை ஆன் செய்யும். முன்னால் போகிறவர் தன் ரேடாரை அணைத்துவிட்டு சத்தமில்லாமல் நெருங்கலாம்.

எதிரி ஒட்டுக் கேட்க முடியாதா?

நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் லிங்க்-16-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு நொடியை 128 துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். சிக்னல் 51 அலைவரிசைகளுக்கு இடையே நொடிக்கு 70,000 முறைக்கும் மேல் தாவிக்கொண்டே இருக்கும். போதாததற்கு எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். சாவி இல்லாதவருக்கு வெறும் இரைச்சல்தான்.

சிக்கல் என்னவென்றால், சாவியும் மொழியும் ஒன்றாக இல்லாவிட்டால் சொந்த விமானத்துக்கும் அது இரைச்சல்தான். அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35 இரண்டையும் தயாரித்தது லாக்ஹீட் மார்ட்டின். ஆனால் இரண்டின் ரகசிய லிங்க்குகளும் வேறு வேறு, நேரடியாகப் பேசாது. 2021-ல் யு-2 உளவு விமானத்தை நடுவில் பறக்கவிட்டு, மொழிபெயர்க்க வைத்து சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கம்பெனி விமானங்களுக்கே இந்தப் பாடு!

நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்திய விமானப்படையில் இருப்பது ரஷ்ய சுகோய், பிரெஞ்சு ரஃபேல், மிராஜ், ஆங்கிலேய-பிரெஞ்சு ஜாகுவார், உள்நாட்டு தேஜஸ். ஆளுக்கொரு மொழி. இவற்றையெல்லாம் ஒரே குரூப்பில் சேர்ப்பது சாதாரண வேலை இல்லை.

2019 பிப்ரவரி 27-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழகத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தனின் மிக்-21 சுட்டு வீழ்த்தப்பட்டது. திரும்பி வரச் சொன்ன உத்தரவு, ரேடியோ ஜாம் செய்யப்பட்டதால் அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. அதே நாளில் ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும், தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா அந்த அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பட்காம் விபத்துக்கு டேட்டா லிங்க் இல்லாதது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மனிதத் தவறும் சேர்ந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. 1994-ல் வடக்கு ஈராக்கில் அமெரிக்க எஃப்-15 விமானங்கள் சொந்த நாட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு 26 பேர் இறந்தார்கள். அப்போது கண்காணிப்பு விமானம் ஒன்று மேலேயேதான் பறந்துகொண்டிருந்தது. ஆனாலும் யார் நம் ஆள் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால், தவறு நடக்க இடம் குறையும்.

என்ன செய்ய வேண்டும்?

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தரை ரேடார்களையும் கட்டுப்பாட்டு மையங்களையும் இணைக்கும் ஏஎஃப்நெட் 2010-ல் வந்தது. அதன் மேல் உருவான ஒருங்கிணைந்த வான் கட்டுப்பாட்டு அமைப்பின் பங்கை 2025 மே மோதலின்போது அரசே பெருமையோடு சொன்னது. ஆனால் தரையில் வலை பலமாக இருந்தால் போதாது; வானில் பறக்கும் ஒவ்வொரு விமானமும் அதில் சேர வேண்டும்.

வெளிநாட்டு லிங்க்கை அப்படியே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். சுகோயில் லிங்க்-16-ஐப் பொருத்த அமெரிக்கா சம்மதிப்பது நடக்கிற கதையா? அப்படியே கிடைத்தாலும் சாவி அடுத்தவர் கையில் இருக்கும். பூட்டும் சாவியும் நம்முடையதாக இருப்பதுதான் பாதுகாப்பு.

இதெல்லாம் ராணுவ ரகசியம், பொதுவெளியில் பேசலாமா என்ற வாதமும் வரும். அலைவரிசையையும் குறியீட்டையும் யாரும் கேட்கவில்லை. எத்தனை விமானங்கள் இணைந்திருக்கின்றன, மீதி எப்போது இணையும் என்பதை நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவிடமாவது காலக்கெடுவோடு சொல்லலாம். மூடிய அறைக்குள் சொன்னாலும் போதும்.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது விலையையும் வேகத்தையும் கேட்கட்டும். கூடவே, "இது நம்ம குரூப்புல சேருமா?" என்றும் ஒருவர் கேட்க வேண்டும்.