பாயை மட்டும் போர்த்தினால் போதுமா?

ஜூன் மாதம் பிறந்தால் மும்பைக் கடற்கரையின் தோற்றமே மாறிவிடும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடித் தடை. வர்சோவா, வொர்லி, மாஹிம் என்று கோலி மீனவர்கள் வாழும் கரைகளில் படகுகள் வரிசையாக ஓய்வெடுக்கும். அவற்றின் மேல் நீல நிறத் தார்ப்பாய் போர்த்தப்படும்.

பாயைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கால் டன் தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர்; எடை 1 கிலோ. 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாயின் மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். அதில் நாலில் ஒரு பங்கு தேங்கினாலே கால் டன் பாரம். பாய் தொய்கிறது. தொய்ந்த இடத்துக்கே அடுத்த மழைத் தண்ணீரும் வந்து சேர்கிறது. கடைசியில் பாய் கிழிகிறது, அல்லது கயிறு அறுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

சிலர் பாயில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடிக்கிறார்கள். இது வீட்டுக்குள் சாக்கடையைத் திருப்பிவிடுவது போன்றது. மரப்படகுக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரே பெரிய பகை. உப்பு, மரத்தை அரிக்கும் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். நல்ல தண்ணீர் அதை வளர்க்கும்.

நஷ்டம் யாருக்கு?

படகு கெட்டால் படகுக்காரருக்கு நஷ்டம். கொசு பிறந்தால் ஊருக்கே நஷ்டம். தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாட்களே போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. பக்கத்து வீட்டைத்தான் தேடும்.

கரையில் படகுக்கு உள்ள அதே நீலப் பாய்தான் தாராவியிலும் மற்றக் குடிசைப் பகுதிகளிலும் நம்மவர் வீட்டுக் கூரைக்கும் மழைக்காலத் துணை. பாய் பறக்காமலிருக்கப் பழைய டயரைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். அந்த டயருக்குள் நிற்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தினக்கூலிக்காரர் ஒருவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் அந்த மாத வாடகைக்கு என்ன வழி?

மழைக்கு முன் பாயையும் டயரையும் அகற்றுங்கள் என்று மாநகராட்சி சொல்வது வழக்கம். டயரை அகற்றச் சொல்வது சரி. பாயை அகற்றிவிட்டு ஒழுகும் கூரையின் கீழ் எப்படிக் குடியிருப்பது? குற்றம் பாயில் இல்லை. அதைத் தட்டையாக விரிப்பதில்தான் இருக்கிறது.

சாய்வே மருந்து

நம் ஊர்க் கீற்றுக் கூரையில் தண்ணீர் நிற்பதில்லை. காரணம், அதன் சாய்வு. படகுக்கும் அதே வழிதான். முன்முனையிலிருந்து பின்முனைவரை நடுவில் உயரமாக ஒரு மூங்கிலைக் கட்ட வேண்டும். அதன் மேல் பாயைப் போட்டு, இரு பக்கமும் ஓரம் படகுக்கு வெளியே தொங்கும்படி இழுத்துக் கட்ட வேண்டும். நீளமான படகானால் நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் மூங்கிலே வளையும். முட்டின் முனையில் கோணித்துணி சுற்றினால் பாய் கிழியாது. ஓரத்தில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டால் பாய் விறைப்பாக நிற்கும், டயர் தேவையில்லை. இரு முனையிலும் காற்றுப் போக வழி விட்டால் மரம் உளுக்காது. பலத்த மழைக்குப் பின் ஒரு முறை சுற்றிவந்து, தளர்ந்த கயிற்றை இறுக்க வேண்டும்.

வீட்டுக் கூரையிலும் இதே முறைதான். தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழாமல் பார்த்துக்கொள்வது கூடுதல் பொறுப்பு.

மாநகராட்சி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நோட்டீசோடு நிறுத்தாமல், மே மாதத்திலேயே கரைதோறும், குடிசைப் பகுதிதோறும் ஒரு பாயைச் சாய்வாகக் கட்டிக் காட்டட்டும். மராத்தி, இந்தியோடு தமிழிலும் எடுத்துச் சொல்லட்டும். இயலாதவர்களுக்கு மூங்கிலும் கயிறும் கொடுக்கட்டும். ஒரு வீட்டில் வரும் காய்ச்சலின் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு மூங்கிலின் விலை பெரிதல்ல.

நம் தமிழ்ச் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சந்தின் கூரைகளைச் சரிசெய்துவிடலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அணை வேண்டாம், இங்கே ஒரு மூங்கில் போதும்.