தேறாத எழுத்தும் அச்சேறட்டும்

போன மாதம் தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பிள்ளைகள் மூன்று பேர் நம் இதழ் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். அன்றன்றைக்குக் கரையில் மீன் என்ன விலைக்கு ஏலம் போனது என்பதை வள்ளக்காரர்களே பதிந்து எல்லோரும் பார்க்கும்படி ஒரு கட்டற்ற மென்பொருள் எழுதுகிறார்கள். நிரல் ஓடுகிறது, லோகோதான் முடிவாகவில்லை. முத்து, பாண்டியரின் இரட்டைக் கயல், வ.உ.சி.யின் கப்பல், ஏலத்தின் முதலெழுத்தான 'ஏ' என்று நான்கு வரைவுகள். மூவரும் ஒத்துப்போகவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டார்கள்.

நாங்கள் 'ஏ' பக்கம் நிற்கிறோம்.

முத்துக்குளித்துறை என்று இந்தக் கரையின் பெயரிலேயே முத்து இருக்கிறது. ஆனால் இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்தின் சாதனை. இன்று இங்கிருந்து போய் மூழ்குகிறவர் சங்குக்காக மூழ்குகிறார். தவிர, போன் திரையில் விரல் நகமளவுக்குச் சுருக்கினால் முத்து வெறும் புள்ளி. கயலோ அரச முத்திரை. வலை இழுத்தவர்களின் அடையாளமல்ல. கப்பலை மறுக்கத்தான் மனம் வரவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் 1908-இல் சிறைக்குப் போனார். அந்தக் கப்பலை எடுத்து இன்னொரு வேலைக்கு முகப்புப் படமாக ஒட்ட எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

எழுத்து என்றால் இந்தக் கரைக்கு ஒரு தனி உரிமை உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்து திருப்தியாக அமையாததால் கொல்லத்தில் புதிதாக வார்த்தார்கள். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வார்ப்புகளின் மாதிரியையும் அச்சிட்டு, எது எங்கே வார்த்தது என்றும் குறித்தார்கள். தேறாததை ஒளிக்கவில்லை. தமிழ் அச்சின் முதல் புத்தகத்திலேயே இது நடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமிதமாக இருக்கிறது.

அந்த அச்சில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். நாம் இன்று எழுதும் 'ஏ'யின் கீழ்க்கீற்று வீரமாமுனிவர் தந்தது என்பார்கள். அவரும் நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர்தான். ஆக, பிள்ளைகள் வரைந்த 'ஏ'யில் அந்தக் கீற்றே உயிர். முதல் வரைவில் அது மெலிந்து, சிறிய அளவில் மறைந்து, 'எ' ஆகிவிடுகிறது. அதைத் தடிப்பாக்கச் சொன்னோம்.

எழுத்தை லோகோவாக்கினால் அந்த எழுத்தை வாசிக்கிறவர்கள் முதலிலேயே பார்த்தாக வேண்டும். விக்கிப்பீடியாவின் லோகோவான புதிர்க்கோளம் 2003-இல் தேர்வானது. அதிலிருந்த தேவநாகரித் துண்டில் உயிர்க்குறி இடம் மாறியிருந்தது. ஜப்பானியத் துண்டும் பிழை. வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2010-இல்தான் கோளம் திருந்தியது. இன்று அதில் நம் 'வி'யும் ஒரு துண்டாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏலக்கூடத்தில் வரைவை ஒரு தாளில் ஒட்டினால் ஒரு காலைப்பொழுதில் பதில் கிடைத்துவிடும்.

நிரலின் பழைய நிலைகள் எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பார்க்கலாம். லோகோவுக்கு மட்டும் வென்ற படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறோம். அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இதழின் உள்ளட்டையில் நான்கு வரைவுகளும், அவற்றுக்காக அவர்கள் எழுதித் தந்த வாதங்களும் இருக்கின்றன. முத்துக்காக வாதாடுகிறவர் சங்கு குளிக்கிறவரின் மகன். எங்கள் முடிவுக்கு எதிரான அந்தப் பத்தியை முதலில் வாசியுங்கள்.