அளந்தால் உறவு கெடுமா?

அடுத்த வீட்டுக்காரரோடு சுமுகமாக இருக்க வேண்டுமானால் மனையை அளக்கவே கூடாது என்று ஒரு கொள்கை நம்மிடையே உலாவுகிறது. படித்தவர்கள்தாம் இதை அதிகமாகச் சொல்லுகிறார்கள். சர்வேயரைக் கூப்பிடுவது என்றால் போலீஸைக் கூப்பிடுவதுபோல அவர்களுக்கு ஓர் அருவருப்பு. "அரை அடிக்காக மனிதர்கள் முகத்தை முறித்துக்கொள்வதா?" என்று கேட்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கவனித்த வரையில், இந்தப் பெருந்தன்மைப் பேச்சு அந்த அரை அடி யார் கையில் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் வருகிறது. இழந்தவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கதைகளில் வருகிற வேலி வேறு. அதன்மேல் அவரைக்கொடி படரும். இரண்டு வீட்டுப் பெண்களும் அதன் இடுக்கு வழியாகக் காபிப்பொடி கடன் வாங்கிக்கொள்வார்கள். சமயத்தில் காதலும் வளரும். அந்த வேலியை நட்டவர் யார், கூலி கொடுத்தவர் யார் என்று எந்த நாவலாசிரியரும் எழுதுவதில்லை. நிஜ வேலிக்கு அந்தச் சாதுத்தனம் கிடையாது. அது நடக்கும்.

கிளுவை வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். போத்துகளை வெட்டி வரிசையாக நட்டால் தழைத்துவிடும். சில வருஷங்களில் சில பட்டுப்போகும். அதே இடத்தில் மறுபடி நடலாம். ஆனால் பழைய வேர் இடைஞ்சல், ஆகையால் புதுக் குழி சற்றுத் தள்ளி விழுகிறது. எந்தப் பக்கம் தள்ளி விழும் என்பது, நடுகிறவர் எந்த வீட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. தம் பக்கமாகத் தள்ளி நட்ட மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு கிரவுண்டு மனை 2400 சதுர அடி. 40-க்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடி ஓரத்தில் வேலி அரை அடி நகர்ந்தால் 30 சதுர அடி. ஒரு குளியலறை கட்டப் போதுமான இடம். ஓசைப்படாமல், ஒரு கடுஞ்சொல் இல்லாமல், புன்னகையோடு நடந்த காரியம் இது. இதற்குப் பெயர் சுமுகம்!

சரி, வேலி யாருடையது? கேட்டால் ஆளுக்கு ஒரு சாஸ்திரம். கல்தூண் எந்தப் பக்கம் நிற்கிறதோ அவருக்கு என்பார் ஒருவர். முட்டுக்கால் சாய்ந்திருக்கும் பக்கத்தாருக்கு என்பார் இன்னொருவர். வருஷா வருஷம் பழுதுபார்க்கிறவருக்கு என்பார் மூன்றாமவர். இவை எதுவும் சட்டமல்ல. கோர்ட்டுக்குப் போனால் பல சாட்சியங்களில் ஒன்றாக நிற்கும், அவ்வளவே.

முதலில் பார்க்க வேண்டியது கிரயப் பத்திரம். பழைய பத்திரம் எழுதியவர்கள் சுவர் விஷயத்தில் கறாரானவர்கள். வடபுறச் சுவர் சொந்தம், தென்புறச் சுவர் பொது என்று பிரித்து எழுதிவிடுவார்கள். வேலியைப் பற்றித்தான் மூச்சு விடமாட்டார்கள். நான்கெல்லை சொல்லுமிடத்தில் 'இன்னார் மனைக்குக் கிழக்கு' என்று முடித்துவிடுவார்கள். இன்னார் மனை எங்கே முடிகிறது? அதுதானே ஐயா கேள்வி!

அதற்குச் சர்வே புலப்படத்தைத்தான் பார்க்க வேண்டும். 1923-ஆம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருக்கிறது. எல்லைக்கல்லைக் காப்பாற்றும் பொறுப்பை அது நிலத்துக்காரர் தலையிலேயே வைக்கிறது. 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அலைந்த காலம் போய், இப்போது புலப்படத்தைக் கணினியிலேயே எடுத்துக்கொள்ளலாம். மனை உட்பிரிவு ஆகாமல் இருந்தால் மட்டும் உங்கள் கோடு அதில் இராது. முதலில் அதைச் செய்துகொள்ள வேண்டும். சர்வேயர் காட்டுவது கோட்டைத்தான். பாத்தியதையில் தகராறு வந்தால் தீர்ப்பது சிவில் கோர்ட்டு. ஆனால் கோடு தெரிந்துவிட்டால் முக்கால்வாசி விவகாரம் அங்கேயே அடங்கிவிடுகிறது. வேலி முழுதும் என் மனைக்குள் என் செலவில் நின்றால் என்னுடையது. கோட்டின்மேல் இருவர் செலவில் நின்றால் இருவருக்கும் பொது.

"விட்டுக்கொடுங்கள், அம்மா" என்று, புருஷனை இழந்து தனியாக இருக்கிற பெண்மணியிடம் உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லுவதில்லை. ஒருவர் 12 வருஷம் வெளிப்படையாகவும் இடைவிடாமலும், உடையவரின் உரிமையை மறுத்தும் அனுபவித்துவிட்டால், 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி உடையவரின் பாத்தியதையே அற்றுப்போகலாம். பின்னால் அந்த அம்மாளின் பிள்ளை வீடு கட்டப் பிளான் போடுவான். பக்கத்தில் விட வேண்டிய காலியிடம் அரை அடி குறைகிறது என்று பிளான் திரும்பி வரும். உபதேசம் செய்தவர் அப்போது ஊரில் இருக்கமாட்டார்.

அளப்பதற்குச் சண்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய வேலியைப் பிடுங்கி மதில் எழுப்ப நினைக்கும்போதே, அடுத்த வீட்டாரிடம் போய், "நாம் இருவரும் சேர்ந்து அளந்துகொள்வோமா?" என்று கேட்டுவிடலாம். கொத்தனார் நூல் பிடித்த பிறகு கேட்டால் அதே வார்த்தை வேறு மாதிரி காதில் விழும். அளந்த அன்றே ஒரு தாளில், வேலி இன்னாருடையது, கோட்டுக்கு இத்தனை அங்குலம் உள்ளே நிற்கிறது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். எல்லைக்கல்லைக் காணோம் என்று சர்வேயர் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். வேலியோரத்தில் இரண்டு வீட்டாரும் குப்பை கொட்டும் மேடு ஒன்று இருக்குமே, அதன் அடியில் ஒருமுறை தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.