தலையெழுத்தா?

குழந்தைக்குச் சர்க்கரை வியாதி கண்டால் "முன்ஜென்மப் பாவம்" என்கிறார்கள். அல்லது தாய் ஊட்டிய மிட்டாயைக் குற்றம் சொல்லுகிறார்கள். இரண்டும் தவறு. முதல் வகை நீரிழிவில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே விரோதியென்று எண்ணி அழித்துவிடுகின்றன. விரோதி இன்னாரென்று அவைகளுக்குக் காட்டுபவை, 6-வது குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள் தரும் புரதங்கள். அவற்றில் சில வகைகள் வாய்த்தவர்களுக்கு இத்தவறு நேர இடம் அதிகம். டி செல்லின் வேகத்துக்குக் கடிவாளமான பி.டி.பி.என்.22 என்ற மரபணுவின் ஒரு மாறுதலும் இதற்கு உடந்தையென்று 2004-ல் கண்டார்கள்.

"அப்படியானால் அதுவும் விதிதானே!" என்பார்கள் சிலர். அல்லவே அல்ல. ஒரே மரபணுக்களுடைய இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதுண்டு. அன்றியும், 1922-ல் இன்சுலின் சிகிச்சை வந்ததும் சாகக் கிடந்த குழந்தைகள் பிழைத்தெழுந்தன. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்ளிசுமாப் என்ற மருந்து, டி செல்களை அடக்கி, சோதனையில் வியாதியைச் சுமார் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டது. பிரம்மா எழுதிய எழுத்தானால் ஒரு மருந்து அதைத் தள்ளிப் போடுமா என்று கேட்கிறோம்.

ஆகவே, பெற்றவளைத் தூற்றுவதையும் பரிகாரத்துக்குப் பணத்தை அழுவதையும் விட்டு, குழந்தைக்கு வேளை தவறாமல் இன்சுலின் கொடுங்கள்.