அஞ்சல் பெட்டியின் சாவி யாரிடம்?

என் முன்னாள் மாணவர் ஒருவர் கோவைக்கு அருகே பம்புசெட் உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு பட்டறை நடத்தி வருகிறார். 22 பேர் வேலை செய்கின்றனர். சென்ற ஆண்டு, அவருடைய இணையதளத்துக்கு இடமளித்து வந்த நிறுவனம் ஆண்டு வாடகையை ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்த்தியது. அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். பொருளியல் வகுப்பில் நான் கற்பித்தது அதைத்தான்: விலை உயர்ந்தால் நுகர்வோர் விலகிச் செல்வர், அந்த அச்சம்தான் விற்பவரைக் கட்டுக்குள் வைக்கும்.

மாற்றும் பணியைச் செய்த இளைஞர் திறமையானவர். வெள்ளிக்கிழமை இரவே இணையதளம் புதிய சர்வரில் பழுதின்றி இயங்கியது. 'மாற்றம் முடிந்தது' என்று அவர் செய்தி அனுப்பிவிட்டார். திங்கள், செவ்வாய் இரு நாள்களும் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. சந்தை மந்தமாக இருக்கிறது போலும் என்று அலுவலகத்தில் எண்ணிக்கொண்டனர். புதன்கிழமை புணேவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, 'கடிதங்கள் எல்லாம் திரும்பி வருகின்றனவே, நிறுவனத்தை மூடிவிட்டீர்களா?' என்று கேட்டார்.

நடந்தது இதுதான். இணையதளமும் அஞ்சல் பெட்டிகளும் ஒரே சர்வரில் இருந்தன. தளம் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அஞ்சல் பெட்டிகளை யாரும் எடுத்துச் செல்லவில்லை. டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரில் சேர்ப்பது என்பதை எம்.எக்ஸ். என்ற பதிவு சொல்கிறது. அது புதிய இடத்தைக் காட்டியது. அங்கே அந்தப் பெயர்களில் பெட்டிகளே இல்லை. அவசரமாகப் பெட்டிகளை உருவாக்கி, அலுவலகக் கணினிகளில் சர்வர் முகவரியை மாற்றியதும் இன்னொரு அதிர்ச்சி. ஐமேப் முறையில் கணினியில் நாம் காண்பது சர்வரில் உள்ளதன் பிரதி மட்டுமே. புதிய சர்வர் காலியாக இருந்ததால் கணினியும் காலியாயிற்று. 'பழைய சர்வரில் இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்றார் இளைஞர். அந்தப் 'பிறகு' வருவதற்குள் மாதம் முடிந்து, பழைய கணக்கு காலாவதியாகி அழிக்கப்பட்டது. கணக்குப் பிரிவின் கடிதங்கள் மட்டும் பிழைத்தன. அங்கிருந்த பழைய கணினி, பாப் முறையில் கடிதங்களைத் தன்னிடமே இறக்கி வைத்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லி எல்லோரும் ஏளனம் செய்த கணினி அது!

இதனினும் நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. பட்டறையின் தணிக்கையாளருடைய இணையதளமும் அதே பழைய சர்வரில்தான் இருந்தது. அந்த டொமைன் இன்னும் தன்னிடமே இருப்பதாக அந்த சர்வர் நம்பிக்கொண்டிருந்ததால், அவர் அனுப்பிய கடிதங்கள் வெளியே செல்லாமல், யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே விழுந்தன. திரும்பி வராததால் அவருக்கும் ஐயம் எழவில்லை. அவற்றுள் ஒன்று, ஜிஎஸ்டி அறிவிக்கைக்குப் பதிலளிக்க வேண்டிய இறுதி நாளை நினைவூட்டிய கடிதம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவின்போது அளித்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதையும் முறையான சார்வு என ஏற்கிறது. அரசின் பார்வையில் அஞ்சல் பெட்டி என்பது வீட்டு வாசல். வாசல் இடம் மாறியதை வீட்டுக்காரரே அறியவில்லை.

'சார், இதில் யார் மீது தவறு?' என்று கேட்டார் மாணவர். இளைஞர் மீது கோபம் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தளத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். ஆனால், எத்தனை பேருக்குப் பெட்டிகள் உள்ளன, கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன, பழைய கடிதங்கள் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளை அவர் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். தொழில்நுட்பம் அறியாதவரால் இவற்றைத் தாமாகக் கேட்க இயலாது. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. புதிய பெட்டிகளை முதலில் உருவாக்கி, கடிதங்களைப் பிரதியெடுத்து, அதன்பின் எம்.எக்ஸ். பதிவை மாற்றி, பழைய கணக்கை இன்னும் ஒரு மாதம் உயிரோடு வைத்திருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது. அந்த ஒரு மாத வாடகை சில நூறு ரூபாய்தான்.

ஓரிடத்திலிருந்து மாறுவதற்கு ஆகும் செலவே வாடிக்கையாளரைச் சிறைவைக்கிறது என்பதை கார்ல் ஷபிரோவும் ஹால் வேரியனும் 1990-களின் இறுதியில் எழுதிய நூலில் விளக்கினர். கைப்பேசித் துறையில் அந்தச் சிறையை இந்தியா உடைத்தது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதைத் தொடங்கலாம். மின்னஞ்சலில் நிலைமை விசித்திரமானது. சொந்த டொமைன் இருந்தால் முகவரி நம்மோடு வரும், கடிதங்கள் தாமாக வருவதில்லை. இலவச அஞ்சல் சேவைகளில் கடிதங்களைப் பிரதியெடுக்கலாம், முகவரி வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள தரவுச் சட்டம், கிளவுட் சேவையிலிருந்து விலகும் வாடிக்கையாளர் தன் தரவை எடுத்துக்கொள்ள, மாறும் காலம் முடிந்தபின் குறைந்தது 30 நாள்கள் அளிக்க வேண்டும் என்கிறது. இங்கு, 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் தரவை எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் அது தனிமனிதர்களுக்கான உரிமை. ஒரு பட்டறையின் விலைப்புள்ளிகளையும் வரைபட ஒப்புதல்களையும் காப்பாற்றியிராது. சிறுதொழில்களை எண்மமயமாக்கப் பேசும் அரசு, இந்த 30 நாள் விதியையாவது இங்கும் கொண்டுவரலாம். பெரிய நிறுவனங்களுக்கு இதனால் சுமை ஏதும் கூடிவிடாது.

தணிக்கையாளர் இப்போது காலதாமதத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். டொமைன் யார் பெயரில் உள்ளது என்று நான் கேட்டேன். மாணவர் பார்த்துவிட்டு அழைத்தார். 2013இல் முதல் இணையதளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் புதுப்பித்து, பணத்தைப் பின்னர் வாங்கிக்கொள்கிறாராம். நல்ல மனிதர், தற்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பெயர் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, விடுப்பில் ஊருக்கு வரும்போது பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.